ஆலோசனை அறையும் புகார் மனுவும்: கல்லூரி மாணவர்களுக்கான சட்டக் கையேடு

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்து ஆலத்தியூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது சிமெண்ட் ஆலை. அதே வட்டத்துக் குழுமூர் என்றதும் தமிழ்நாட்டுக்கே நினைவுக்கு வருபவர் அனிதா. பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றவர். சுமைதூக்கும் தொழிலாளியின் மகள். நீட் தேர்வை எதிர்த்து உச்ச நீதிமன்றப் படியேறிய தலித் மாணவி. 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். இன்று அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்குள்ள அரங்கம் ஒன்று அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

இத்தகைய இழப்பு நேரும்போதெல்லாம் இரண்டு குரல்களைக் கேட்கிறோம். "மாணவர்களுக்கு மனஉறுதி போதவில்லை, ஆலோசனை கொடுங்கள்" என்பது ஒன்று. "இது சமூக அநீதி, இதில் மனநலம் பற்றிப் பேசுவது திசைதிருப்பல்" என்பது மற்றொன்று. முதல் குரல் அநீதியை மாணவரின் மனக்குறையாகச் சுருக்கிவிடுகிறது. இரண்டாவது குரல், போராட்டம் வெல்லும்வரை அந்த மாணவர் இரவில் எப்படித் தூங்குவார் என்ற கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. நம் அமைப்புகளிலும் இந்த இரண்டாவது குறை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சட்டத்தின் நிலை தெளிவானது. மனநல உதவி பெறுவதும், பாகுபாட்டுக்கு எதிராகப் புகார் கொடுப்பதும் தனித்தனி உரிமைகள். ஒன்றைப் பெறுவதற்காக மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் படிக்கும் மாணவர்களை முன்னிறுத்தி இவ்விரு உரிமைகளையும் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம். சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி மற்ற மாவட்டங்களுக்கும் பொருந்தும்.

இன்றிரவே உதவி தேவைப்பட்டால்

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ, நண்பர் ஒருவர் அப்படிப் பேசினாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண் 'டெலி மனஸ்' சேவையினுடையது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இச்சேவை 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் இது 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரிலும் அறியப்படுகிறது. மாநில அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108ஐ அழையுங்கள். உதவி வந்துசேரும்வரை அந்த நண்பரைத் தனியே விடாதீர்கள்.

"மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்ற பயம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அந்தப் பயத்தால் சிகிச்சையைத் தாமதப்படுத்தாதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவுக்கு இணையான பொதுவான குற்றப் பிரிவு இல்லை.

சிகிச்சை என்பது சலுகையன்று

அதே 2017 சட்டத்தின் 18ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் சேவைகளில் மனநல சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்குகிறது. பாலினம், மதம், வர்க்கம் ஆகியவற்றோடு சாதியின் பெயராலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று அப்பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அரசு சேவைகளில் சிகிச்சை இலவசம்.

நடைமுறையில் எங்கே செல்வது? அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெரம்பலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை, அதற்கும் மேல் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டம் செயல்படுகிறது. புறநோயாளிச் சீட்டு வாங்கும் இடத்தில் "மனநலப் பிரிவு" என்று கேட்டால் போதும். உறக்கமின்மை, தொடர் பதற்றம், படிப்பில் கவனம் நிற்காமை ஆகியவற்றுக்காகவும் செல்லலாம். நோய் முற்றும்வரை காத்திருப்பது காய்ச்சல் ஜன்னியாகும்வரை காத்திருப்பதைப் போன்றது.

23ஆம் பிரிவு ரகசியம் காப்பதை மருத்துவப் பணியாளர்களின் கடமையாக்குகிறது. உயிராபத்து, நீதிமன்ற ஆணை போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. நீண்டகால மனநோய் உள்ளவர்கள், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி சான்றிதழ் பெற்றுப் படிப்பிலும் தேர்விலும் தகுந்த வசதிகளைக் கோர முடியும்.

கல்லூரிக்குள் இருக்க வேண்டியவை

2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 'மனம்' எனப்படும் மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது. மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கிப் பிற கல்லூரிகளுக்கும் விரிவாக்குவது திட்டம். உங்கள் கல்லூரியில் அது செயல்படுகிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

இதைவிட வலிமையான கருவி ஒன்று இப்போது கையில் இருக்கிறது. 2025 ஜூலை 25 அன்று, சுக்தேவ் சாகா எதிர் ஆந்திரப் பிரதேச அரசு வழக்கில், உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. உரிய சட்டம் இயற்றப்படும்வரை அவை எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். அவற்றில் முக்கியமானவை:

- 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனம், தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும். அதைவிடச் சிறிய நிறுவனங்கள் வெளி வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும்.
- டெலி மனஸ் உள்ளிட்ட உதவி எண்களை விடுதி, வகுப்பறை, பொது இடங்கள், இணையதளம் ஆகியவற்றில் பெரிய எழுத்துகளில் வைக்க வேண்டும்.
- ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையேனும் பயிற்சி அளிக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி உள்ளிட்ட விளிம்புநிலை மாணவர்களைப் பாகுபாடின்றி அணுகுவதும் அப்பயிற்சியில் அடங்கும்.
- சாதி, வர்க்கம், பாலினம் முதலியவற்றின் பெயரால் நிகழும் துன்புறுத்தல் குறித்து ரகசியமாகப் புகாரளிக்க வழி இருக்க வேண்டும். புகாரளித்தவரைப் பழிவாங்கக் கூடாது.

புகாரைக் கண்டுகொள்ளாமல் விட்டு, அதனால் மாணவர் தன்னைத் தானே வருத்திக்கொண்டாலோ உயிரிழந்தாலோ, அது நிறுவனத்தின் குற்றப்பொறுப்பாகக் கருதப்படும் என்றும் தீர்ப்பு எச்சரிக்கிறது. மாவட்ட அளவில் கண்காணிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் குழு அமைக்கவும் அது பணிக்கிறது. ஆகவே, ஆலோசகர் இல்லாத கல்லூரியைப் பற்றி பெரம்பலூர் அல்லது அரியலூர் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டமே அதற்குப் போதுமானது.

கல்லூரி ஆலோசகரிடம் முதல்முறை செல்லும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் தகுதி என்ன? நான் சொல்வதைக் குறித்துவைப்பீர்களா? அதைத் துறைத் தலைவரோ முதல்வரோ பார்க்க முடியுமா? பாடம் நடத்தும் ஆசிரியரே ஆலோசகராகவும் அமர்ந்திருந்தால், உங்கள் அகமதிப்பீட்டு மதிப்பெண் அவர் கையில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்து, வெளியில் உள்ள சேவையை நாடுவது நல்லது.

காயம் சாதியால் வந்ததென்றால்

நான் சட்டம் படித்த காலத்தில், உதவித்தொகை பெறுவோரின் பட்டியலை வகுப்பில் எல்லோர் முன்பாகவும் சாதிப் பிரிவோடு வாசிப்பார்கள். பெயர் வரும்போது எழுந்து நிற்க வேண்டும். அந்த மாதங்களில் நான் வகுப்புக்குச் செல்வதையே தவிர்த்தேன். "வருகைப் பதிவு குறைகிறது, உனக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டவர்கள் உண்டு. பட்டியலை ஏன் அப்படி வாசிக்கிறோம் என்று கேட்டுக்கொண்டவர் ஒருவரும் இல்லை. அது விதிமீறல் என்பது பின்னர்தான் எனக்குத் தெரிந்தது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 சமத்துவ மேம்பாட்டு விதிமுறைகள் அத்தகைய செயல்களைப் பெயர் சொல்லித் தடை செய்கின்றன: வகுப்பில் சாதியை அறிவிப்பது, 'கோட்டா' என்று முத்திரை குத்துவது, மதிப்பீட்டில் பாகுபாடு காட்டுவது, விடுதியிலும் உணவுக்கூடத்திலும் பிரித்து வைப்பது, உதவித்தொகையை நிறுத்தி வைப்பது. ஒவ்வொரு நிறுவனத்திலும் சமவாய்ப்பு மையமும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும். 2026 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட புதிய விதிமுறைகளை உச்ச நீதிமன்றம் அம்மாத இறுதியிலேயே நிறுத்திவைத்து, 2012 விதிமுறைகளே தொடரும் என்றது. ஆகவே மனுவில் 2012 விதிமுறைகளையே குறிப்பிடுங்கள்.

இந்தச் சட்ட விவாதம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றதற்கு இரண்டு தாய்மார்கள் காரணம். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17 அன்று உயிரிழந்த ரோஹித் வெமுலாவின் தாய் ராதிகாவும், மும்பையில் 2019 மே மாதம் உயிரிழந்த மருத்துவர் பாயல் தாட்வியின் தாய் அபேதாவும் 2019இல் வழக்குத் தொடுத்தார்கள். 2025 மார்ச்சில் வேறொரு வழக்கில், உயர்கல்வி நிறுவனங்களில் நிகழும் மாணவர் தற்கொலைகளை ஆராய நீதியரசர் ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு அமைக்கப்பட்டது.

அவமதிப்பு பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நிகழ்ந்திருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் பொருந்தக்கூடும். 18ஏ பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. காவல் நிலையம் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்துமூலம் அனுப்புங்கள். வன்கொடுமைகளுக்கான தேசிய உதவி எண் 14566. ராகிங் என்றால் 1800-180-5522. சாதியின் பெயரால் செய்யப்படும் துன்புறுத்தலும் ராகிங்தான் என்று 2016 திருத்தம் தெளிவுபடுத்தியது. பாலியல் துன்புறுத்தல் என்றால் மூன்று மாதத்துக்குள் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்துமூலம் புகாரளிக்க வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி அளிக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குச் செல்லலாம் அல்லது 15100ஐ அழைக்கலாம்.

பணக் கவலைக்கும் மருந்து உண்டு

பல மாணவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது கட்டண பாக்கி. அதற்கு ஆலோசகரால் ஆறுதல்தான் சொல்ல முடியும். அரசாணையால்தான் தீர்வு தர முடியும். ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் 2012 செப்டம்பர் 11 நாளிட்ட அரசாணை 92, குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்ட ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களைத் தனியார் சுயநிதிக் கல்லூரிகளிலும் அரசே ஏற்கும் என்கிறது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கான ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம் ரூபாய். அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். கட்டணம் கட்டவில்லை என்று தேர்வுக்கூடச் சீட்டை நிறுத்தினால், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு அன்றே மனு எழுதுங்கள்.

மனு எழுதும் முறை

நடந்ததை அன்றே எழுதுங்கள்: நாள், நேரம், இடம், சொன்ன சொல் அப்படியே, உடனிருந்தோர் பெயர். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் படமெடுத்து வையுங்கள். மனுவை ஒரு பக்கத்தில் முடித்து, என்ன நடவடிக்கை வேண்டும் என்பதைக் கடைசியில் எண்ணிட்டுச் சொல்லுங்கள். நகலில் முத்திரையும் கையொப்பமும் பெறுங்கள். மறுத்தால் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அரசு நிறுவனமானால், பாகுபாடு தடுப்பு அலுவலர் யார், ஆலோசகரின் தகுதி என்ன, கடந்த மூன்றாண்டுகளில் வந்த புகார்கள் எத்தனை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

புகார் கொடுத்தவரிடம் "முதலில் கவுன்சிலிங் போய்விட்டு வா" என்று நிர்வாகம் சொன்னால், மனுவின் நிலையை எழுத்தில் கேளுங்கள். கவுன்சிலிங் தேவையென்றால் செல்லுங்கள். அதற்காக மனுவைத் திரும்பப் பெறாதீர்கள். சிகிச்சை பெற்றதைக் காட்டி "இவர் மனநிலை சரியில்லாதவர்" என்று புகாரைத் தள்ளுபடி செய்யவும் முடியாது. 2017 சட்டம், மனநோய் உள்ளவர்களையும் பாகுபாட்டிலிருந்து பாதுகாக்கிறது.

அமைப்புத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாதிக்கப்பட்ட மாணவரை மேடையேற்றுவதற்கு முன் அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா, யாருடன் தங்கியிருக்கிறார் என்று கேளுங்கள். மருத்துவமனைக்கு ஒருவர் உடன் செல்லட்டும். காவல் நிலையத்துக்கு இன்னொருவர் உடன் செல்லட்டும். இரண்டு பயணங்களும் ஒரே போராட்டத்தின் பகுதிகள்தாம். அனிதாவின் பெயரில் ஓர் அரங்கம் இருக்கிறது. இனி ஒரு மாணவரின் பெயரிலும் நினைவு அரங்கம் கட்ட வேண்டிய நிலை வரக் கூடாது.