செங்கற்பட்டுப் பெண்களும் ஓர் ஆராய்ச்சியாளரும்



ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரைக் கேட்டதும் நம் முன்னோர்க்கு நினைவுக்கு வந்தவர் இராமானுசர். இன்றைய இளைஞர்க்கோ முதலில் நினைவுக்கு வருவன தொழிற்சாலைகள். 1996ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார்க் கார்த் தொழிற்சாலை ஒன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2006ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் கைபேசித் தொழிற்சாலை ஒன்று வேலையைத் தொடங்கியது. அது 2014ஆம் ஆண்டில் மூடப்பட்ட போதிலும், வேறு மின்னணுத் தொழிற்சாலைகள் அவ்வட்டாரத்தில் பெருகின. ஒரகடம் வரையில் வயல்களும் ஏரிக்கரைகளும் இருந்த இடங்களில் இன்று ஆலைகள் நிற்கின்றன. அவற்றுள் பலவற்றில் வேலை செய்வோர் தொலைவிலுள்ள மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் இளம்பெண்களே ஆவர்.

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இவ்வட்டாரத்தில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. மின்னணுத் தொழிற்சாலை ஒன்றின் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு கெட்டு நஞ்சாயிற்று. 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுடைய நிலைமையைப் பற்றித் தோழியர்க்குத் தெளிவான செய்தி கிடைக்கவில்லை. சிலர் இறந்துவிட்டனர் என்னும் வதந்தி பரவியது. பெண்கள் பெருந்திரளாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து அமர்ந்தனர். இறந்தனர் என்ற செய்தி பொய்யென்று பின்னர் தெளிவாயிற்று. ஆனால் அத்துடன் கதை முடியவில்லை. அத்தொழிற்சாலையில் செய்யும் பொருள்களை வாங்குகின்ற அயல்நாட்டு நிறுவனமே, விடுதிகள் சிலவும் உணவுக்கூடங்கள் சிலவும் உரிய தரத்தில் இல்லை என்று ஒப்புக்கொண்டது.

வதந்தி பொய், அச்சமோ காரணமுடையது. இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. படித்தவர் பலர், பொய்யான வதந்தியைக் காட்டி, காரணமுள்ள அச்சத்தையும் அறியாமை என்று தள்ளிவிடுவர். பெண்கள் தம் உடல்நலத்துக்கு எதனை ஆபத்தென்று கருதுகிறார்கள், ஏன் அவ்வாறு கருதுகிறார்கள் என்று முறையாகக் கேட்டறிவது ஒரு தனி ஆராய்ச்சித் துறை. அத்துறையில் உழைத்த ஒருவருடைய பணி, ஸ்ரீபெரும்புதூர் அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலேயே வேர்கொண்டது என்பது நம் மாணவர் பலர் அறியாத செய்தி.

1978ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இந்திய அரசு தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்களில் அத்திட்டத்தின்கீழ் எழுத்தறிவு புகட்டிய பெண்கள் சிலர், பெரும்பாலும் தலித் குடும்பத்தினர், தம் வகுப்புகளில் எழுத்தைவிட அவசரமான பாடங்கள் இருப்பதைக் கண்டனர். கூலியும் குடிநீரும் பேறுகாலமும் அங்கே பேச்சாயின. இவர்களோடு சேர்ந்து 1981ஆம் ஆண்டில் திருக்கழுக்குன்றம் வட்டாரத்தில் ஊரகப் பெண்கள் சமூகக் கல்வி மையம் என்று பொருள்படும் பெயரால் ஓர் அமைப்பை நிறுவியவர் டி. கே. சுந்தரி இரவீந்திரன். அவர் மருத்துவர் அல்லர், பொருளியல் பயின்றவர். நோயைச் சமூகத்தின் கண்கொண்டு நோக்கும் பயிற்சியை அவர் அச்சிற்றூர்களில் பெற்றார் எனலாம்.

அவருடைய எழுத்துகளுள் இரண்டு மூன்றை மட்டும் இங்கே கூறுகிறேன். பெண் குழந்தைகளைப் பாகுபாட்டுடன் வளர்ப்பதால் உடல்நலத்துக்கு விளையும் கேடுகளைப் பற்றி 1986ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஓர் ஆய்வுரை எழுதினார். 1992ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு கட்டுரை பேறுகால மரணங்களைப் பற்றியது. அக்காலத்தில் தாய் இறந்தால், "காலத்தில் மருத்துவமனைக்கு வரவில்லை" என்று இறந்தவள்மேல் பழி போடுவது வழக்கமாக இருந்தது. சுந்தரி இரவீந்திரனோ வளரும் நாடுகள் பலவற்றின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். மருத்துவமனையை அடைந்த பின்னரும் இரத்தம் கிடைக்காமலும், மருந்து இல்லாமலும், பயிற்சி பெற்றவர் இல்லாமலும், சிகிச்சை தாமதமானதாலும் இறந்த தாய்மார் பலர் என்று காட்டினார். பழியில் ஒரு பங்கை மருத்துவ அமைப்பும் ஏற்க வேண்டும் என்பது அக்கட்டுரையின் சாரம்.

1993ஆம் ஆண்டில் லண்டனில் தொடங்கப்பெற்ற 'ரீப்ரொடக்டிவ் ஹெல்த் மேட்டர்ஸ்' என்னும் ஆய்விதழில் மார்ஜ் பெரர் என்பவருடன் ஆசிரியப் பொறுப்பை அவர் பகிர்ந்துகொண்டார். பின்னர் திருவனந்தபுரத்து அச்சுத மேனோன் மையத்தில் பேராசிரியராகி, பொதுச் சுகாதாரம் பயிலும் மாணவர்க்குக் கற்பித்தார். உலக அரங்கை எட்டியும் அவர் செங்கற்பட்டை மறக்கவில்லை. 2004ஆம் ஆண்டில் பி. பாலசுப்பிரமணியன் என்பவருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மணமான பெண்கள் கருக்கலைப்பை நாடுவது ஏன் என்று ஆராய்ந்தது. இல்லறத்தில் "வேண்டாம்" என்று கணவனிடம் சொல்லும் உரிமை பெறாதவர்கள், வேண்டாத கருவைக் கலைப்பதையே வழியாகக் கொண்டனர் என்று அது காட்டியது. ஓர் இன்னலுக்குத் தப்ப மற்றோர் இன்னலை ஏற்றனர். அதில் ஒரு கணக்கு இருந்தது.

இவ்வாறு மக்கள் ஆபத்தைக் கணக்கிடும் முறையை மேல்நாட்டாரும் ஆராய்ந்தனர். 1969ஆம் ஆண்டில் சான்சி ஸ்டார் என்னும் அமெரிக்கப் பொறியியலறிஞர், தானே விரும்பி ஏற்கும் ஆபத்தையும் பிறர் தன்மேல் சுமத்தும் ஆபத்தையும் மனிதன் ஒன்றாக மதிப்பதில்லை என்று எழுதினார். முன்னது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மிகுதியாயினும் மக்கள் அதனைப் பொறுத்துக்கொள்வர் என்பது அவர் கணிப்பு. 1982ஆம் ஆண்டில் மேரி டக்ளஸ் என்னும் மானிடவியல் அறிஞர் ஆரன் வில்டாவ்ஸ்கியுடன் சேர்ந்து எழுதிய நூலில், எதற்கு அஞ்சுவது என்பதைச் சமூக வாழ்க்கையே பெரிதும் தீர்மானிக்கிறது என்று வாதிட்டார்.

இக்கருத்துக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1995ஆம் ஆண்டில் சிசிலியா வான் ஹோலன் என்னும் அமெரிக்க மானிடவியலார் சென்னையிலும் அதனை அடுத்த கடலோர ஊரிலும் ஏழைப் பெண்களின் பேறுகால அனுபவங்களைக் கேட்டறிந்தார். 2003ஆம் ஆண்டில் அது நூலாக வெளிவந்தது. மருத்துவமனைப் பேற்றைத் தவிர்க்க விரும்பிய பெண்கள் சிலர் கூறிய காரணங்களுள் ஒன்று, பிள்ளை பிறந்தவுடன் தம் இசைவைக் கேளாமலே கருத்தடைச் சாதனத்தைப் பொருத்திவிடுவர் என்ற அச்சம். அத்தகைய செயல் நடந்தது உண்மை. எனவே அவ்வச்சத்தை மூடநம்பிக்கை என்று சொல்ல இயலுமோ?

ஆசிரியப் பணியில் இருந்தவனுக்கு இது நன்கு விளங்கும். பல நாள் வகுப்புக்கு வராத மாணவியை "ஏன் வரவில்லை?" என்று அதட்டினால் அவள் தலைகுனிந்து நிற்பாள். "வருவதற்கு எது தடை?" என்று பரிவுடன் கேட்டால், பள்ளியில் கதவில்லாத கழிப்பறை என்ற உண்மை வெளிப்படும். முதற் கேள்வி குற்றவாளியைத் தேடுகிறது. இரண்டாம் கேள்வி காரணத்தைத் தேடுகிறது. சுந்தரி இரவீந்திரன் போன்றோர் ஆராய்ச்சியில் கேட்டது இரண்டாம் கேள்வியே.

தமிழ்நாடு இத்துறையில் அடைந்துள்ள முன்னேற்றம் சிறிதன்று. 2019–21ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவமனைகளிலேயே நிகழ்ந்தன. 2018–20ஆம் ஆண்டுகளில் இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்குத் தாய்மார் மரணம் இந்தியா முழுமைக்கும் 97ஆக இருக்க, தமிழ்நாட்டில் 54ஆக இருந்தது. பெண்கள் மருத்துவமனைக்கு வந்துவிட்டார்கள். வந்தவர்களிடம் காரணம் சொல்லி, இசைவு கேட்டு, மதிப்போடு நடத்துவது எஞ்சியுள்ள பணி. ஆலைக்கும் விடுதிக்கும் இதுவே பொருந்தும்.

மாணவியரே, உங்களுள் சிலர் நாளை அத்தொழிற்சாலைகளில் பொறியாளராகவோ, மருத்துவராகவோ, தொழிலாளராகவோ செல்லக்கூடும். நள்ளிரவு முறை வேலை, நின்றபடியே பல மணி நேரம், விடுதிச் சோறு ஆகியவற்றைப் பற்றி உடன் வேலை செய்யும் பெண் ஒருத்தி அச்சம் தெரிவித்தால், நகைத்துவிடாதீர்கள். அவள் சொல்வதை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பத்துப் பேர் சொன்னதை ஒப்பிட்டுப் பாருங்கள். வதந்தி எது, காரணமுள்ள அச்சம் எது என்று பொறுமையோடு பிரித்தறியுங்கள். செங்கற்பட்டுச் சிற்றூரின் முதியோர் வகுப்பில் பெண்கள் பேசியதை ஒருவர் காது கொடுத்துக் கேட்டதிலிருந்தே இத்தனை ஆராய்ச்சியும் தொடங்கிற்று. அதைத் தொடர்வதற்கு ஸ்ரீபெரும்புதூரில் இன்று இடமும் உண்டு, தேவையும் உண்டு.