கறுத்தே நின்ற இடம்

1928-இல் எமில் ஹைட்ஸ் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் பாசிச் செடிகளின் செல்களுக்குச் சாயமேற்றிப் பார்த்தார். செல் பிரிந்து முடிந்ததும் குரோமோசோம்கள் அவிழ்ந்து வெளுத்துவிடும். சில பகுதிகள் மட்டும் கறுத்தே நின்றன. ஹெட்டிரோகுரோமாட்டின் என்று பெயர் வைத்தார். 1937-இல் நாஜி ஆட்சி, யூத வம்சாவளியைச் சொல்லி, அவரை ஹாம்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றியது. பாசல் நகருக்குப் போனார்.

இதற்கிடையில், 1930-இல் முல்லர் எக்ஸ் கதிர் பாய்ச்சிய பழ ஈக்களில் சிலவற்றின் சிவப்புக் கண்ணில் வெள்ளைத் திட்டுகள். ஜீன் பழுதாகவில்லை என்பது பிற்பாடுதான் புரிந்தது. அது இடம் மாறி, ஹைட்ஸின் கறுப்புப் பகுதிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். நிரல் எழுதிப் பிழைக்கிற எனக்கு இதுதான் விசித்திரம்: ஒரு எழுத்துகூட மாறலை, முகவரி மாறியதும் வாயடைத்துப் போச்சு.

வாயை அடைத்தது யார்? 1986-இல் ஜேம்ஸும் எல்ஜினும் அந்தப் பகுதிகளில் குவிந்து கிடக்கும் ஹெச்பி1 என்ற புரதத்தை அறிவித்தார்கள். ஹிஸ்டோனிலுள்ள ஒரு மெத்தில் அடையாளத்தைப் பார்த்து ஒட்டிக்கொள்ளும் புரதம் அது. சரி, கருவுக்குள் தடுப்புச் சுவரே கிடையாதே, கலையாமல் எப்படி நிற்கிறது? தண்ணீரில் எண்ணெய் திரள்வதுபோலத் துளியாகிறது என்று 2017-இல் இரண்டு குழுக்கள் நேச்சர் இதழில் எழுதின. அழகான பதில், அதனாலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம். 2020-இல் எலி செல்களைப் பார்த்த வேறொரு குழு, துளி மாதிரி நடந்துகொள்ளவில்லையே என்றது. வழக்கு நடக்கிறது.