பத்து கிராம் கணக்கு எங்கிருந்து வந்தது?

1/ "ரத்தம் எட்டு கிராம்தான் இருக்கு. மாத்திரை சாப்பிட்டு ஒரு மாசம் கழிச்சு வாங்க, ஆபரேஷன் பண்ணலாம்" என்றால், "ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்திட்டு இப்பவே பண்ணிடலாமே டாக்டர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பல வருஷம் டாக்டர்களும் அதைத்தான் செய்தார்கள்.

2/ 1942. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆடம்ஸ், லண்டி என்ற இரண்டு மயக்க மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஹீமோகுளோபின் 8 - 10 கிராமுக்குக் கீழே இருந்தால், ஆபரேஷனுக்கு முன்பே ரத்தம் ஏற்றுவது நல்லது என்றார்கள்.

3/ கவனிங்க, அது அனுபவத்தில் சொன்ன யோசனை. நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்த முடிவு இல்லை. ஆனால் நாளடைவில் "10-க்குக் கீழேயா? ஏத்து" என்பது எழுதாத சட்டமாகிவிட்டது.

4/ 1980-களில் எச்.ஐ.வி. வந்தது. ரத்தம் வழியாகவும் பரவும் என்று தெரிந்ததும்தான், 'இந்த பாட்டில் நிஜமாவே தேவையா?' என்ற கேள்வி வலுத்தது. 1988-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் மாநாடு, ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்றது.

5/ 1999-ல் கனடா ஆய்வு. ஐசியூ நோயாளிகள் 838 பேர். பாதிப்பேருக்கு 10-க்குக் கீழே போனால் ரத்தம்; மீதிப்பேருக்கு 7-க்குக் கீழே போனால் மட்டும். குறைவாக ஏற்றியவர்களிடம் இறப்பு கூடவில்லை. 2011-ல், இடுப்பு எலும்பு முறிவுக்கு ஆபரேஷன் செய்த 2,016 பேரிடமும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

6/ அப்போ ரத்தசோகை இருந்தா பரவாயில்லையா? இல்லைங்க. ஒரு பாட்டில் ரத்தம் சுமார் ஒரு கிராம் ஏற்றும், அவ்வளவுதான். மூலத்தில் ரத்தப்போக்கு, அதிக மாதவிடாய், கொக்கிப்புழு, குடல்புண் எல்லாம் அப்படியே இருக்கும். ஓட்டைத் தொட்டியில் தண்ணி ஊத்துற கதை.

7/ இரும்புச்சத்து ட்ரிப்ஸும் மந்திரம் இல்லை. 2020-ல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வில், பெரிய வயிற்று ஆபரேஷனுக்கு முன் 487 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். ட்ரிப்ஸ் போட்டவர்களுக்கு ஹீமோகுளோபின் ஏறியது. ரத்தம் ஏற்றும் தேவையோ இறப்போ குறையவில்லை.

8/ அதனால், ஆபரேஷன் என்று பேச்சு எடுத்த அன்றே ஹீமோகுளோபின் பாருங்க. குறைவாக இருந்தால் "எவ்வளவு ஏத்தணும்?" என்பதற்கு முன்னால் "ஏன் குறைஞ்சது?" என்று கேளுங்க. மாத்திரைக்கு வாரக்கணக்கில் நேரம் வேணும்.

9/ ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷனுக்கு. விபத்திலோ பிரசவத்திலோ ரத்தம் கொட்டும்போது ரத்தம்தான் உயிர். டாக்டர் ஏத்தணும்னு சொன்னா, இந்தப் பதிவைக் காட்டி மறுக்காதீங்க.