21 இலக்கங்களும் ஒரு பேசாத விரிவுரையும்

147573952589676412927.

எங்கட கைத்தொலைபேசிக் கணிப்பான் இந்த எண்ணை முழுசாகக் காட்டாது. முன்னுக்கு உள்ள சில இலக்கங்களைக் காட்டிவிட்டு மிச்சத்தை 10 இன் வலுவாகச் சுருக்கிவிடும். 67 இரண்டுகளைப் பெருக்கி, வருவதில் 1 ஐக் கழித்தால் கிடைப்பதுதான் இது.

1644 இல் மரின் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி ஒரு பட்டியல் வெளியிட்டார். 257 வரையுள்ள வலுக்களில், 2 ஐ எந்த வலுவுக்கு உயர்த்தி 1 ஐக் கழித்தால் முதன்மை எண் வரும் என்பதே அது: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இவ்வளவு பெரிய எண்களை அவர் ஒவ்வொன்றாகச் சோதித்திருக்க ஏலாது. ஆனாலும் 67 க்குரிய எங்கட எண் முதன்மை எண் இல்லை என்று 232 வருடங்களாக ஒருவரும் நிறுவவில்லை. (பட்டியலில் 257 உம் பிழை. 61, 89, 107 விடுபட்டிருந்தன.)

1876 இல் எதுவார் லூக்கா வந்தார். 'ஹனோய் கோபுரம்' விளையாட்டை உருவாக்கியவரும் இவர்தான். காரணிகளைத் தேடாமலே சோதிக்கும் ஒரு வழியைக் கண்டுபிடித்து, எங்கட எண் ஒரு சேர்த்தி எண் என்று காட்டினார். சரி, எதை எதால் பெருக்கினால் இது வரும்? அதை அந்த வழி சொல்லாது. களவு நடந்தது உறுதி, கள்ளன் ஆரெண்டு தெரியாது. சேர்த்தி எண் என்றால் காரணியைக் காட்டு என்றே பள்ளிக்கூடத்தில் படித்த எங்களுக்கு இது கொஞ்சம் தலைசுற்றத்தான் செய்தது.

கள்ளன் பிடிபட மேலும் 27 வருடங்கள் ஆயின. 1903 ஒக்டோபர் 31, நியூயோர்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம். பிராங்க் நெல்சன் கோல் எழுந்துபோய், ஒரு சொல்லும் பேசாமல், கரும்பலகையில் 2 இன் 67 ஆம் வலுவைக் கணித்து 1 ஐக் கழித்தார். பிறகு பக்கத்தில் 193707721 ஐ 761838257287 ஆல் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்று. வெண்கட்டியை வைத்துவிட்டுப் போய் இருந்தார், சபை கைதட்டியது. மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குப் போயின என்று கோல் பின்னர் சொன்னாராம். இப்படிக் கதை சொல்பவர் ஈ. ரி. பெல். அவர் கதைக்கு உப்புப்புளி சேர்ப்பவர் என்ற பேரும் உண்டு. ஆனால் கோல் எழுதிய கட்டுரை சங்கத்தின் ஏட்டில் அதே வருடம் வந்தது, அதில் சந்தேகமில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கும் நம்பக்கூடியதே. இந்த எண்ணின் எந்தக் காரணியையும் 134 ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். அப்படி வடிகட்டினாலும் 193707721 என்பது வரிசையில் 1445580 ஆவது. வேறு வடிகட்டல்கள் இல்லாமல் ஒரு மனிசனால் கையால் முடிகிற வேலையில்லை.

கைதட்டல் கோலுக்குக் கிடைத்தது. எங்கட மனசு என்னவோ லூக்காவின் பக்கம்தான் சாய்கிறது.

அந்தப் பெருக்கலை நாங்களும் ஒரு கொப்பியில் செய்து பார்த்தோம். 193707721 இல் மூன்று 7 இருப்பதால் அந்த வரியை ஒருதரம் கணித்தால் போதும், பூச்சியத்துக்கு வரியே தேவையில்லை. முதல்தரம் கூட்டலில் பிழைத்தது. இரண்டாம்தரம் 21 இலக்கமும் சரியாக வந்தது. பேசாமல் செய்தோம் எண்டு மட்டும் சொல்ல ஏலாது, முதல் பிழை ஆருடையது எண்டு இன்னும் சண்டை நடக்குது.