வெயிலுக்கு எண் வந்த கதை

பெங்களூருவிலிருந்து ஓசூர் போகும் சாலையில் இருக்கிறது ஹெப்பகோடி. இங்கே ஒரு மொட்டைமாடியில் சோலார் பலகை போட வருகிறவர் முதலில் இடத்தை அளப்பார், பிறகு ஒரு எண்ணைப் போட்டுப் பெருக்குவார். அந்த ஊரில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு நாளைக்குச் சராசரியாக விழும் வெயிலின் ஆற்றல் அது. பெங்களூரு வட்டாரத்துக்கு 5 யூனிட்டுக்குச் சற்று மேலே. கடனுக்குப் போனால் வங்கிக்காரர் கேட்பதும் இதைத்தான். நம் நாட்டு வெயிலுக்கு இப்படி எண் போடுவது ஒரு வழக்கமாக வேரூன்றியதன் பின்னால் ஒரு பெண்ணின் வாழ்நாள் உழைப்பு இருக்கிறது.

அதற்கு முன்பு வானிலை நிலையங்களில் பெரும்பாலும் இருந்தது ஒரு கண்ணாடி உருண்டை. அதன் பின்னால் ஒரு அட்டையைச் செருகி வைப்பார்கள். வெயில் அடிக்கும் நேரமெல்லாம் உருண்டை ஒளியைக் குவித்து அட்டையில் கருகிய கோடு போடும், மேகம் வந்தால் கோடு அறுந்துபோகும். மாலையில் அட்டையை எடுத்துக் கோட்டின் நீளத்தை அளந்தால் அன்றைக்கு எத்தனை மணி நேரம் வெயில் என்று தெரியும். எவ்வளவு ஆற்றல் என்று தெரியாது.

இதை மாற்றிய அந்தப் பெண் அன்னா மணி, 1918இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் 1939இல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வைரமும் மாணிக்கமும் ஒளியை எப்படி உறிஞ்சி உமிழ்கின்றன என்பது அவர் ஆய்வு. ஒரு நிறமாலையைப் படத்தகட்டில் பதிய 15, 20 மணி நேரம் ஆகும், அதனால் பல இரவுகள் ஆய்வுக்கூடத்திலேயே கழிந்தன. ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியாயின. 1945இல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். இந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை என்கிறார்கள். அவர் பெரிதுபடுத்தாததால் அநீதி சிறியதாகிவிடாது.

அதே ஆண்டு அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து போனார். விரும்பியது இயற்பியல், கிடைத்த இடமோ வானிலைக் கருவிகள். ஒரு கருவியை எப்படிச் செய்வது, எப்படிச் சோதிப்பது, எப்படி இன்னொன்றோடு ஒப்பிட்டுத் திருத்துவது என்று கற்றுக்கொண்டு 1948இல் திரும்பி, புனேயில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கருவிப் பிரிவில் எஸ்.பி. வெங்கிடேஸ்வரனிடம் வேலைக்குச் சேர்ந்தார். அதுவரை எளிய கருவிகள்கூட வெளிநாட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு ஒரே சீரான வரைபடங்களைத் தயாரித்து, இங்கேயே செய்ய வைத்தார். 1953இல் அந்தப் பிரிவுக்கே தலைவரானபோது அவருக்குக் கீழே 121 ஆண்கள் வேலை பார்த்தார்கள்.

வெயிலை அளக்கும் பைரனோமீட்டர் பார்ப்பதற்கு மிக எளிமையானது. இரட்டைக் கண்ணாடிக் கவிகைக்குள் கறுப்புப் பூசிய ஒரு சிறு வட்டு. வெயில் பட்டால் வட்டு சூடேறும், அடியிலுள்ள உலோகம் அவ்வளவு சூடேறாது. இரண்டுக்கும் நடுவே உள்ள தெர்மோபைல் அந்த வித்தியாசத்தைச் சில மில்லிவோல்ட் மின்னழுத்தமாக மாற்றித் தரும். அவ்வளவுதான். ஆனால் கண்ணாடியில் தூசி படிந்தால் எண் குறையும், கறுப்பு வெளுத்தால் குறையும், மட்டம் சரிந்தால் மாறும். ஒவ்வொரு கருவியையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை ஒரு மூலக் கருவியோடு பக்கத்தில் வைத்து, ஒரே சூரியனைக் காட்டி, எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தாக வேண்டும். தப்பாக அளப்பதைவிட அளக்காமல் இருப்பது மேல் என்பது அன்னா மணியின் உறுதியான கொள்கை. துறையின் புகழ் புயல் எச்சரிக்கையில் இருக்கலாம். என்னைக் கேட்டால், அதன் முதுகெலும்பு இந்த அலுப்பூட்டும் ஒப்பீட்டு வேலைதான்.

1957, 58இல் சர்வதேச புவி இயற்பியல் ஆண்டு வந்தது. அதைப் பயன்படுத்தி நாட்டில் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களின் வலைப்பின்னலை அமைத்தார். பின்னர் பலூனில் ஏறிப்போய் ஓசோனை அளக்கும் கருவியை இங்கேயே உருவாக்கினார். விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டதால் தும்பா ராக்கெட் தளத்தில் வானிலைக் கூடமும் கோபுரமும் அமைத்துக் கொடுத்தார். 1969இல் டெல்லி, துணைத் தலைமை இயக்குநர் பதவி. 1976இல் ஓய்வு.

ஓய்வுக்குப் பிறகுதான் கதையின் முக்கியமான பகுதி. பெங்களூரு திரும்பி ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் வருகைப் பேராசிரியராக இருந்தார். நிலையங்களில் குவிந்திருந்த அளவுகளை ஒழுங்குபடுத்தி 1980, 1981 ஆண்டுகளில் இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு பற்றி இரண்டு பெரிய நூல்களைக் கொண்டுவந்தார். கருவி இல்லாத ஊர்களுக்கு வெயில் நேரத்தையும் மேகத்தையும் வைத்துக் கணக்கிட்டார். அந்தக் கண்ணாடி உருண்டையின் அட்டைகளுக்கு அப்போது புது மதிப்பு வந்தது. காற்றின் வேகத்தையும் சூரிய ஆற்றலையும் அளக்கும் கருவிகள் செய்ய பெங்களூருவிலேயே ஒரு சிறு பட்டறையும் தொடங்கினார்.

அடுத்தது காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் ஊருக்குத் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கிலும் குடியிருப்பவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் காற்றாலை வைக்க அந்தத் தெரிதல் போதாது. காற்றிலுள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும். நொடிக்கு 5 மீட்டர் வீசும் இடத்தைவிட 6 மீட்டர் வீசும் இடத்தில் 70 சதவீதத்துக்கும் மேல் அதிக ஆற்றல். வேகத்தை அளப்பதில் 10 சதவீதம் பிசகினால் ஆற்றல் கணக்கு மூன்றில் ஒரு பங்கு பிசகிவிடும். வாழ்நாள் முழுக்கக் கருவியின் துல்லியத்துக்காகப் பிடிவாதம் பிடித்த ஒருவரிடம் இந்தக் கணக்கெடுப்பு வந்து சேர்ந்தது நாட்டுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. காற்றின் தரவுத் தொகுப்பு 1983இல் வெளிவந்தது. கம்பம் நட்டு அளக்கும் வேலை பெங்களூருவை மையமாகக் கொண்டு தொடர்ந்தது.

1994இல் பக்கவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. 2001 ஆகஸ்ட் 16 அன்று திருவனந்தபுரத்தில் காலமானார். காற்றை அளக்கும் பொறுப்பு இப்போது சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்திடம் இருக்கிறது. வெயிலை அளக்கும் நிலையங்களையும் அதே நிறுவனம் நாடு முழுக்க நடத்துகிறது. செயற்கைக்கோள் தரும் வெயில் கணக்கு சரியா என்று பார்க்க, தரையில் இருக்கும் பைரனோமீட்டரைத்தான் இன்றும் கேட்கிறார்கள்.