தம்பி மேல் தப்பில்லை

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். விலையில்லா மடிக்கணினித் திட்டம் அன்றுதான் தொடங்கியது. ஜவ்வாது மலையில் பல வீடுகளுக்கு அதுவே முதல் கணினி. அக்கா, தம்பி எல்லாருக்கும் அந்த ஒன்றுதான்.

எங்கள் பள்ளிக்கு வந்தவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தன. ஸ்டார்ட்டர் விலை குறைந்த பதிப்பு. திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. இன்னொரு மானிட்டரை இணைத்தால் அதே காட்சிதான் அதிலும் தெரியும். இரண்டிலும் வெவ்வேறாக வைக்க முடியாது. லினக்ஸில் முடியும்.

இது தெரியாமல், மானிட்டரை இணைத்துத் தவித்த மாணவியிடம், "உன் தம்பி எதையோ மாற்றிவிட்டான்" என்றேன். வீட்டில் அவனுக்கு அடி விழுந்ததாம்.

கண்ணு, இதைப் படித்தால் அவனிடம் சொல்லிவிடு. தப்பு வாத்தியாருடையது.