சரசர காகிதமும் ஒரு வழக்கும்

இங்க லேப்ல யாருக்காவது பிறந்தநாள்னா பரிசுக்கூடையைச் செல்லோபேன்ல சுத்தித் தருவாங்க. அந்த சரசர தாளுக்குப் பின்னாடி பெரிய கதை இருக்கு மக்களே!

கண்டுபிடிச்சவர் சுவிஸ்காரர் பிரான்டன்பெர்கர். 1923-ல் அமெரிக்க உரிமை டூபான்டுக்கு வந்தது. 1927-ல் ஈரம் புகாத வகையை உருவாக்கி, காப்புரிமையும் வாங்கினாங்க. போட்டிக்கு வந்த சில்வேனியா மேல வழக்கு. 1933-ல் சமரசம்: 2% ராயல்டி, குறிச்ச பங்குக்கு மேல வித்தா கூடுதல் தண்டம்!

இது ஏகபோகம்னு அமெரிக்க அரசு 1947-ல் வழக்குப் போட்டது. செல்லோபேன் விற்பனையில் டூபான்ட் பங்கு சுமார் 75%. ஆனா மெழுகுத்தாள், அலுமினியத்தாள் எல்லாம் சேர்த்தா 20%கூட இல்லைன்னு 1956-ல் உச்சநீதிமன்றம் விட்டுடுச்சு.

விலை ஏற்கெனவே ஏறினதாலதான் ஜனங்க வேற தாளைத் தேடறாங்கன்னா? அதைத்தான் பொருளாதாரத்துல 'செல்லோபேன் பிழை'ங்கறாங்க. சந்தைக்கு எல்லை போடறப்பவே பாதித் தீர்ப்பு எழுதியாச்சு. நீங்க நீதிபதியா இருந்தா கோட்டை எங்க போடுவீங்க?